நாலாம் நம்பர் டாங்கர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஊரே சொல்லும், நானும் மறுக்கப்போவதில்லை. ஆனால் காரணமில்லாமல் கத்துகிறவன் நான் இல்லை என்றுதான் போன மாதம் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். காரணத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பேன் என்று பெருமை வேறு. அந்தப் பெருமையில் மண்ணை அள்ளிப் போட்டது ஒரு சாண் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் ரயில் டாங்கர்.

நான் கார் பட்டறையில் பெயின்டர். இடிபட்டு நசுங்கி வருகிற வண்டிகளுக்குப் பட்டி போட்டு, தேய்த்து, ஸ்பிரே அடித்து, ஷோரூமிலிருந்து இப்போதுதான் இறங்கியதுபோல் ஆக்கி அனுப்புவது என் வேலை. சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் நேர் எதிர். பெட்டியில் புத்தம்புதிதாக வருகிற மாடல் ரயில் கிட்டைப் பிரித்து, வேகனாக ஒட்டி, பெயின்ட் அடித்து, பிறகு அது முப்பது வருஷம் மழையிலும் வெயிலிலும் ஓடி அலுத்ததுபோல் அழுக்கேற்றுவேன். "காலையில பழச புதுசாக்குவாரு, சாயங்காலம் புதுச பழசாக்குவாரு. ரெண்டையும் விட்டுட்டா உலகம் அதுபாட்டுக்கு இருந்துட்டுப் போகும்" என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

சிரிக்கலாம். செய்து பார்த்தால் தெரியும். ஒரு டாங்கர் கிட்டில் அறுபத்திரண்டு துண்டுகள். ஒவ்வொன்றையும் சட்டத்திலிருந்து நறுக்கி, பிசிறை அரம் போட்டு எடுக்க வேண்டும். பிரேக் கம்பி தலைமுடி கனம்தான் இருக்கும், ஒரு தும்மலில் காணாமல் போய்விடும். உருளையான தொட்டி இரண்டு பாதியாக வரும். காலியாக ஒட்டினால் வேகன் தக்கையாக இருந்து வளைவில் தண்டவாளத்தை விட்டு எகிறும், அதனால் உள்ளே எடை வைத்து மூட வேண்டும். அதற்குப் பிறகுதான் நிறம், அதற்கும் பிறகுதான் அழுக்கு.

அழுக்கிலும் ஒரு நியாயம் இருக்கிறது. எண்ணெய் ஊற்றுகிற மூடிக்குக் கீழே வழிந்த கறை கறுப்பாகப் பளபளக்கும். ஏணியைப் பற்றவைத்த இடத்தில்தான் துரு முதலில் கிளம்பும். மழை கீழ்நோக்கித்தான் இழுக்கும், ஆகவே டர்பன்டைன் தொட்ட தூரிகையும் மேலிருந்து கீழேதான் போக வேண்டும். கண்ட இடத்தில் காவியைத் தடவிவிட்டுத் துரு என்று சொல்கிறவன் வேகனுக்கு வேஷம் போடுகிறான். இதைச் சொல்லி எங்கள் மாடல் ரயில் சங்கத்தில் பாதிப் பேரோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

இந்த வருஷம் சங்கத்தின் கண்காட்சியில் நடுத் தண்டவாளம் என் ரயிலுக்கு. பன்னிரண்டு டாங்கர், ஒரே தொடராக. கட்டி முடிக்க நாலு வருஷம் ஆனது. கட்டிய வரிசைப்படி அடியில் நம்பர் போட்டு அலமாரியில் நிறுத்தியிருந்தேன். நாலாம் நம்பரை மட்டும் சங்கத்துத் தலைவர், எண்ணெய்க் கறை எப்படி வந்தது என்று பார்க்க வாங்கிப் போயிருந்தார். எதையும் அளவுகோல் வைத்தே பேசுவதால் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர்.

அலமாரி இருந்த அறையில்தான் என் மச்சினனும் இருந்தான். என் மனைவியின் தம்பி. தையல் கடையில் துணி வெட்டுகிற கட்டர். பதினைந்து வருஷம் வேலை பார்த்த கடையைத் திடீரென்று மூடிவிட்டார்கள். கடைக்கு மேலே அவன் தங்கியிருந்த அறையும் அதோடு போயிற்று. கல்யாணமும் ஆகவில்லை. "நம்ம வீட்டுக்கு வந்துடுடா" என்று இவள்தான் கூட்டிவந்தாள். அவனுக்கு எட்டு வயதில் அம்மா போய்விட்டாள். குளிப்பாட்டி, தலை வாரி, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்ததெல்லாம் இவள்தான். இப்போது விடுதியில் தங்கிப் படிக்கிற எங்கள் மகள் பிறப்பதற்கு முன்பே இவளுக்கு ஒரு பிள்ளை இருந்தது என்று சொல்ல வேண்டும்.

நல்லவன்தான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது. ஒரு மாதத்திலேயே திரைச்சீலை தைக்கிற கடையொன்றில் வேலை தேடிக்கொண்டான். அப்போதும் இவள் போக விடவில்லை. சமையலறையில் அக்காவும் தம்பியும் எனக்குத் தெரியாத பழைய கதைகளைப் பேசிச் சிரிப்பார்கள். இவள் அப்படி வயிறு குலுங்கச் சிரித்து நான் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது.

ஒரு திங்கட்கிழமை சாயந்திரம் பார்க்கிறேன், ஒன்றாம் நம்பர் டாங்கரின் வயிறு பிளந்திருக்கிறது. இரண்டு பாதியையும் ஒட்டிய இடத்தில் நகம் நுழைகிற அளவுக்கு விரிசல். ஏணி ஒரு பக்கம் கழன்று தொங்குகிறது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"மாப்ள! இங்க வா. இத யாரு தொட்டது?"

"தெரியல அத்தான். நான் அந்தப் பக்கமே போகல."

"நீ படுக்கறதே அதுக்குக் கீழதான். அந்தப் பக்கமே போகலன்னா, உள்ள பறந்தா வர்ற?"

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் கரண்டியோடு வாசலில் நின்றிருந்தாள். அன்றைக்கு அதோடு விட்டேன். விட்டேன் என்றால், ராத்திரி படுக்கும்வரை ஒரு மூன்று தடவைதான் கேட்டேன்.

பத்து நாளில் இரண்டாம் நம்பர். அதே இடம், அதே பிளவு. இனி சும்மா விடுவேனா? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தேன். பட்டறைக்குப் போகும்போது அலமாரிக்குக் குறுக்கே ஒரு கறுப்பு நூலைக் கட்டிவிட்டுப் போனேன். கை நுழைந்தால் நூல் அறும், ஆள் கையும் களவுமாக மாட்டுவான். தினமும் வந்து பார்ப்பேன். நூல் அப்படியே இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நூல் கட்டியபடியே இருக்க, மூன்றாம் நம்பர் பிளந்திருந்தது.

மூளை உள்ள எவனும் அங்கேயே நின்று யோசித்திருப்பான். நூல் அறவில்லை, ஆகவே யாரும் தொடவில்லை. எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? இவன் தையல் கடைக்காரன், நூலை அவிழ்த்துத் தடம் தெரியாமல் திரும்பக் கட்டவா தெரியாது! எவ்வளவு பெரிய துப்பறிவாளன் நான், பாருங்கள்.

அன்றைக்கு நான் பேசியதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். "அடுத்தவன் உழைப்போட அரும தெரியாதவன்டா நீ. நீ கை வச்சுத்தான் அந்தக் கடையும் மூடியிருக்கும். சோறு போட்டு உள்ள படுக்க வச்சதுக்கு நல்லா செஞ்ச." அவன் முகத்தில் ஈயாடவில்லை. "நான் தொடல அத்தான்" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னான். அந்த வார்த்தை என்னை இன்னும் கிளப்பிவிட்டது. "தொட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடு. ஒத்துக்கிட்டா விட்டுடறேன். பொய் சொன்னா மட்டும் எனக்குப் பிடிக்காது."

என் மனைவி அவன் கையைப் பிடித்துப் பின்பக்கம் துணி துவைக்கிற இடத்துக்குக் கூட்டிப்போனாள். கொஞ்ச நேரத்தில் அவன் மட்டும் வந்தான். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நான்தான் அத்தான். தூசி தட்டும்போது கைபட்டு விழுந்துடுச்சு."

"எது?"

"மூணும்."

"மூணுமா! அப்ப இத்தன நாளா வாய்கூசாம பொய் சொல்லியிருக்க."

ஒத்துக்கொண்டால் விட்டுவிடுகிறேன் என்று சொன்னவன் நான்தான். விட்டேனா? ஒத்துக்கொண்ட பிறகுதான் என் கோபத்துக்குக் கொம்பு முளைத்தது. இன்றைக்கே கிளம்பு என்று சொல்லிவிட்டேன். அவன் பாயைச் சுருட்டி வைத்தான், தலையணை உறையைக் கழற்றித் துவைக்கப் போட்டான், ஒரு பையோடு இறங்கிப் போனான். தெருமுனை திரும்பும்வரை இவள் வாசலில் நின்றாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு நின்றுபோனது. "சாப்பாடு இருக்கு." "கேஸ் தீந்துடுச்சு." "கதவச் சாத்துங்க." அவ்வளவுதான். தம்பிக்குப் போன் போடுவாள், அவன் எடுக்க மாட்டான். அவன் பிடித்திருந்த வாடகை அறைக்கு இரண்டு முறை போனாள், உள்ளே இருந்துகொண்டே கதவைத் திறக்கவில்லை. என் மேல் கோபம் இருக்கட்டும், வளர்த்த அக்கா என்ன செய்தாள் என்று அதற்கும் அவன் மேலேயே எரிச்சல் பட்டேன். இவளோ ஆறு வாரத்தில் பாதியாக இளைத்துப் போனாள். ரசத்துக்குப் போடுகிற உப்பைக்கூட மறந்தாள், நான் அதற்கும் கத்தினேன்.

கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது நாலாம் நம்பரைத் திரும்ப வாங்க மில்லிமீட்டர் வீட்டுக்குப் போனேன். கூடத்துச் சுவரில் கண்ணாடி அலமாரி, பூட்டியிருந்தது. அவர் சாவி போட்டுத் திறந்தார். நடுத்தட்டில் என் டாங்கர். வயிறு பிளந்திருந்தது.

"யாரு கை வச்சது?" என்றேன். என் சத்தத்தில் அவர் வீட்டு நாய் எழுந்து நின்றது.

"யாரு கையும் படல. சாவி எப்பவும் என் இடுப்புலதான் இருக்கு" என்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு டாங்கரைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். "வெளிய அடிபட்ட தடமே இல்லையே. உள்ளேருந்துல்ல தள்ளியிருக்கு. எடைக்கு என்ன போட்ட?"

"ஈயக் குண்டு. தூண்டில்ல மாட்டுவாங்களே, அது."

"எத வச்சு ஒட்டின?"

"தச்சருங்க போடற வெள்ளைப் பசை."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அட மகாபாவி!"

மெல்லிய கத்தியைப் பிளவில் நுழைத்து இரண்டு பாதியையும் பிரித்தார். நான் போட்ட ஈயக் குண்டுகளைக் காணோம். அந்த இடத்தில் வெள்ளையாகப் பொங்கிப்போன ஒரு கட்டி. தொட்டால் மாவாக உதிர்ந்தது. அந்தப் பசையிலிருந்து நாள்பட ஒரு புளிப்பு ஆவி கிளம்புமாம். மூடிய இடத்தில் அது ஈயத்தைத் தின்று வெள்ளைப் பொடியாக்குமாம். பொடி ஊதிப் பெருத்து, இடம் போதாமல் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வருமாம். மூன்று வருஷம், நாலு வருஷம் ஆகுமாம்.

"சங்கத்துல இத ஒரு கூட்டம் முழுக்கச் சொன்னேனேய்யா. நீ எங்க இருந்த?"

எங்கே இருந்தேன் என்று எனக்கு ஞாபகம் வந்தது. சரக்கு வேகன் கூரையின் சாம்பல் நிறம் எந்தச் சாம்பல் என்பதில் சண்டை போட்டு, நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போயிருந்தேன்.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கட்டின வரிசையிலேயே பிளந்திருக்கிறது. மீதி எட்டும் ஒவ்வொன்றாகப் பிளக்கும். அடியில் நம்பர் போட்டவன் நான், அந்த வரிசை எனக்குக் கண்ணில் படவே இல்லை.

வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். முதலில் பசை மேல். பிறகு என் மேல். தெருப் பாதி தாண்டுவதற்குள் அது போய் மச்சினன் மேல் விழுந்தது. செய்யாததை எதற்கு ஒத்துக்கொண்டான்? அவன் ஒத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் நான் அவனை விரட்டியிருப்பேனா? பெரிய தியாகி! உள்ளே நுழைந்ததும் இவளிடம் அதையேதான் கத்தினேன்.

"உன் தம்பி பொய் சொல்லியிருக்கான்! அவன் எதையும் உடைக்கல!"

இவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அவன் உடைக்கலன்னு தெரியும். நான்தான் ஒத்துக்கச் சொன்னேன்."

"எதுக்கு?"

"ஒத்துக்கிட்டா ஒரு நாள் கத்துவீங்க. ஒத்துக்கலன்னா ஒரு மாசம் கத்துவீங்க." சட்டையை மடித்து அடுக்கின் மேல் வைத்தாள். "மாட்டேன்னுதான் சொன்னான். அக்காவுக்காகச் சொல்லுடான்னு கெஞ்சினேன். சொன்னான். நீங்க வெளிய அனுப்பினீங்க, நான் வாயத் திறக்காம நின்னேன். அவன் எங்கூட எப்படிப் பேசுவான்?"

"பொய் சொல்லச் சொல்றதுக்கு உனக்கு அசிங்கமா இல்ல?"

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவளை அப்படி நான் பார்த்ததில்லை.

"அசிங்கமா? இந்த வீட்ல நாங்க வேற என்னத்தப் பண்ணிட்டிருக்கோம்? உங்க பொண்ணு ஸ்கூட்டர் கண்ணாடிய உடைச்சேன்னு சொன்னாளே, அவளா உடைச்சா? நிறுத்தின எடத்துல யாரோ இடிச்சுட்டுப் போனாங்க. உங்க கைக்கடிகாரத்தத் தொலைச்சேன்னு சொன்னாளே? உங்க பட்டறை டிராயர்லயே கெடந்து நீங்களே எடுத்துட்டு வந்தீங்க, அவகிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா? நான் எத்தன ஒத்துக்கிட்டிருக்கேன்னு எனக்கே தெரியாது. பொய் பிடிக்காது, பொய் பிடிக்காதுன்னு கத்திக் கத்தியே எங்க எல்லாரையும் பொய்யராக்கி வச்சிருக்கீங்க."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், கத்தத்தான் வந்தது. அதனால் மூடிக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து அது ஒன்றுதான் நான் யோசித்துச் செய்த காரியம். அவள் துணி அடுக்கைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள், "அவன எனக்குத் திரும்பக் கொண்டாந்து குடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

மறுநாள் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு அந்தத் திரைச்சீலைக் கடைக்குப் போனேன். நீளமான மேஜையில் வெள்ளைத் துணியை விரித்து, சாக்பீஸால் கோடு இழுத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு நேராக நின்றான். பட்டறையில் முதலாளியைக் கண்டால் பையன்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

"வாங்க அத்தான்."

மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. ஈயம், பசை, பொடி என்று ஆரம்பித்து வெகுநேரம் அதையே பேசினேன். அவன் பொறுமையாகக் கேட்டான். கடைசியில் ஒருவழியாகச் சொன்னேன், "தப்பு என்னுது மாப்ள. மொத்தமும் என்னுது. உன்னைப் பேசின பேச்சுக்கு என் நாக்க அறுத்துப் போடலாம். வீட்டுக்கு வந்துடு."

"பரவாயில்ல அத்தான். இங்கேயே பழகிடுச்சு."

"உங்க அக்காவுக்காகவாவது வா. சரியா சாப்பிடக்கூட மாட்டேங்கறா. போனையாவது எடு."

அவன் சாக்பீஸ் படிந்த விரல்களைச் சட்டையில் துடைத்தான். "எனக்கும் அவளப் பாக்கணும்னுதான் இருக்கு. ஆனா அங்க வந்தா மறுபடி ஏதாவது ஒண்ணு உடையும் அத்தான். அவ என் மூஞ்சியப் பாப்பா. அவ கேட்டா நான் எதையும் ஒத்துக்குவேன். அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

இனிமேல் கோபப்பட மாட்டேன் என்று சொல்லலாம். சொல்லவும் வாயெடுத்தேன். மேஜை மேல் இன்னும் கிட்டத்தில் சாய்ந்தேன். என் முழங்கை இடித்து, குண்டூசி டப்பா கவிழ்ந்து, அவன் விரித்திருந்த வெள்ளைத் துணி மேலும் தரையிலும் ஊசிகள் சிதறின.

"என் தப்பு அத்தான், என் தப்பு" என்று அவன் சட்டென்று குனிந்தான். "நான்தான் ஓரத்துல வச்சுட்டேன்."

"உன் தப்பு இல்லடா!" என்று கத்தினேன். "தட்டிவிட்டது நான்! எதுக்குடா அப்படிச் சொல்ற? இனிமே அப்படிச் சொல்லாத!"

தையல் மெஷின்கள் எல்லாம் நின்றன. கடையில் இருந்த எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவன் கையில் பொறுக்கிய ஊசிகளோடு எழுந்து, மேஜைக்கு அந்தப் பக்கம் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"தப்புதான் அத்தான்" என்றான் மெதுவாக. "இனிமே சொல்லல."